ஒன்பது இலக்கத் தோப்பு

அத்தியாயம் 6

"எலும்பு," என்றார் திருநாவுக்கரசு.

"மனுச எலும்பா சார்?" காரை விட்டு இறங்காமலே கேட்டாள் ஜெனிஃபர்.

"ஆட்டு எலும்பு."

"சரி, அப்போ இறங்கறேன்."

கடப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்குகிறது ஒரு மணல் பாதை. அதன் முடிவில் சவுக்குத் தோப்பு. தோப்பில் ஓர் ஆள்கூட இல்லை. மூன்று கல்லை வைத்து எரித்த அடுப்புகளில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. எச்சில் இலைகளுக்கு நாய்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. செங்கல்பட்டில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் திருநாவுக்கரசு, கையில் எலுமிச்சம்பழத்துடன் சாம்பலைச் சுற்றி வந்தார். எலுமிச்சம்பழம் துப்புத் துலக்க அல்ல. ஜெனிஃபர் ஓட்டினால் அவருக்குக் குமட்டும். ஜெனிஃபர்தான் அவருக்கு டிரைவர், உதவியாளர். சம்பளம் இல்லாத பேச்சாளரும் அவளே.

"இங்கதான் சார்," என்றான் பின் ஸீட்டிலிருந்து இறங்கிய ஜெபக்குமார். "சத்தியமா இங்கதான் குடுத்தேன். பந்தல் இருந்துச்சு, ஸ்பீக்கர் இருந்துச்சு, வாசல்ல வாழமரம் இருந்துச்சு. இப்ப ஒண்ணும் இல்ல. நானே என்னை நம்ப மாட்டேன் போலக்கீது."

நடந்தது இதுதான்.

நெம்மேலியில் கடலோரமாக வீடு கட்டியிருக்கும் மனை வியாபாரி நரசிம்மனின் மகளுக்கு இன்று மாலை ஆறு மணிக்கு மேல் நிச்சயதார்த்தம். பெண்ணின் நகைகள் செங்கல்பட்டு வீட்டில் ஒரு தேக்குப் பெட்டியில் இருந்தன. நல்ல நேரம் முடிவதற்குள் பெட்டி வாசற்படியைத் தாண்டியாக வேண்டும். நரசிம்மனோ மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவரப் போக வேண்டும். அதனால் சிறுசேரி டிராவல்ஸ் ஒன்றிலிருந்து வண்டி வரவழைத்தார். வந்தவன் ஜெபக்குமார்.

அந்த டிராவல்ஸ் வண்டிகளில் ஒரு டப்பா பொருத்தியிருக்கும்; அதே வழிகாட்டியை யார் வேண்டுமானாலும் போனிலும் வைத்துக்கொள்ளலாம். ஒன்பது இலக்க எண்ணைத் தட்டினால் போதும், வழி சொல்லி வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் தேவையில்லை. தோப்புக்குள் கட்டிய வீடுகளுக்குக் கதவு எண் ஏது? நெம்மேலி வீட்டை வேறு எந்த மேப்பில் தேடினாலும் கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் ஆலை வாசலில்தான் விடும். டப்பா மட்டும் தவறாது.

பெட்டிக்குள் என்ன, எங்கே போகிறது என்று டிரைவருக்குத் தெரியவே கூடாது என்று நரசிம்மனுக்கு எண்ணம். ஒரு துண்டுச் சீட்டில் ஒன்பது இலக்கங்களை எழுதிக் கொடுத்தார். "இதைப் போடு, வண்டியே கூட்டினு போவும். வாழமரம் கட்டின வூடு. பொம்பளைங்க கையில குடுத்துட்டு வா." ஜெபக்குமார் எண்ணைத் தட்டி முடித்ததும் சீட்டைப் பிடுங்கிக் கிழித்தும் போட்டார்.

பெட்டி நெம்மேலிக்குப் போய்ச் சேரவில்லை.

வண்டி ஆபீசுக்குத் திரும்பியதும் டிராவல்ஸ் முதலாளி டப்பாவைப் பார்த்தார். ஜெபக்குமார் தட்டியிருந்தது 417 213 864. ஆபீஸ் கணக்கில் நரசிம்மன் வீட்டு எண் 417 203 864. நடுவில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. அவர் நரசிம்மனுக்குப் போன் போட்டு, "டிரைவர் வேணும்னே நம்பரை மாத்திப் போட்டிருக்கான்," என்றார். நரசிம்மன், "அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஸ்டேஷன்தான்," என்றார். முதலாளி அதோடு நிற்கவில்லை. ஜெபக்குமாரின் மனைவி சாராளுக்கும் போன் போட்டு, "உன் புருசன் நகைப் பெட்டியத் தூக்கினு போய்ட்டான்," என்று சொல்லிவிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு ஜெபக்குமார் வீட்டுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் சாப்பிட மாமல்லபுரத்துக்கு வந்திருந்த திருநாவுக்கரசைத் தேடிப் பிடித்தான். "போலீசு அடிச்சாக்கூடத் தாங்கிக்குவேன் சார். என் பசங்க மூஞ்சியில எப்டி முழிப்பேன்?" என்றான். திருநாவுக்கரசு வஞ்சிர மீனைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்தப் பாதியை ஜெனிஃபர் பொட்டலம் கட்டிக்கொண்டாள்.

"பெட்டியை யார் வாங்கினாங்க?" என்று கேட்டார் திருநாவுக்கரசு.

"வயசான அம்மா ஒண்ணு. என்னைப் பாத்ததும் 'வந்துடுச்சு, வந்துடுச்சு'ன்னு ஒரே கத்து. எல்லாரும் கை தட்னாங்க சார். ஒருத்தன் விசில்கூட அடிச்சான். எனக்கே வெக்கமாப் பூட்ச்சு."

"அப்புறம்?"

"சாப்ட்டுத்தான் போவணும்னு கையப் புட்ச்சு இழுத்தாங்க."

"சாப்பிட்டியா?"

ஜெபக்குமார் தலையைக் குனிந்தான். "பிரியாணி சார்."

"எத்தினி தபா வாங்குன அண்ணாத்த?" என்றாள் ஜெனிஃபர்.

"ரெண்டு."

"சார், கேஸ் முட்ஞ்சிது. நகையத் திருடினவன் ஓடுவானா, குந்திக்கினு மறுசோறு வாங்குவானா?"

"கோர்ட்ல அதைச் சொன்னா நம்ம ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க," என்றார் அவர். "ஆனா ஒண்ணு. நிச்சயதார்த்தம்னு இன்னைக்கு நரசிம்மன் வீட்டுச் சமையல்ல வெங்காயம்கூடக் கிடையாது. அப்போ இவன் வேற வீட்டு விசேஷத்துலதான் சாப்பிட்டிருக்கான்." குனிந்து மணலிலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்தார். சுருட்டை சுருட்டையாகப் பூனைமுடி. சந்தனம் ஒட்டியிருந்தது. "இது என்ன?"

"கொழந்த முடி. மொட்ட அட்ச்சிருக்காங்க."

"மொட்டை, சந்தனம், கிடா வெட்டு, பிரியாணி. என்ன விசேஷம்?"

"காதுகுத்து!"

"காதுகுத்துல எது வந்தா எல்லாரும் கை தட்டுவாங்க?"

"பிரியாணி அண்டாவத் தொறந்தா."

"அதுக்கு முன்னாடி."

ஜெனிஃபர் யோசித்தாள். பிறகு கண் விரிந்தது. "தாய்மாமன் சீரு! சார், இவுனுங்க பெட்டிய மாமன் அனுப்பின சீருன்னு நென்ச்சு வாங்கி வச்சுக்கினாங்க!"

"பூட்டின பெட்டி. விசேஷ வீட்ல வந்த சீரை வேணாம்னு எவன் திருப்பி அனுப்புவான்?"

"செரி, அவுங்க ஆரு, எங்க கீறாங்க? தோப்பு வாயத் தொறந்து சொல்லுமா?"

"காதுகுத்துக்குப் பேனர் வைக்காத குடும்பத்தை நீ பாத்திருக்கியா?"

மணல் பாதை சாலையில் சேரும் முனையில் இரண்டு சவுக்குக் கழிகள் நட்டபடி நின்றன. நடுவில் பேனரைக் காணோம். அறுத்த கயிறு மட்டும் தொங்கியது. பத்தடி தள்ளி ஓர் இளநீர்க் கடை. இளநீர்க்காரர் புதுப் பந்தலின் நிழலில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

ஜெனிஃபர் பந்தலுக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டு, காதில் செல்போனை வைத்து, தலைகீழாக ஒருவன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, உங்க கூரையில ஒருத்தர் கீறாரு."

"இப்பத்தான் அவுத்தாந்தேன்," என்றார் இளநீர்க்காரர், கண்ணைத் திறக்காமல். "விசேஷம் முட்ஞ்சிது, பேனர் எனுக்கு. கேட்டுத்தான் எட்த்தேன்."

"இவரு ஆரு?"

"பாத்திபன். மீன் லாரி ஓட்டுறான். தங்கச்சி பொண்ணுக்குத்தான் காது குத்துனாங்க. தங்கச்சி வூடு, கடலோரமா இடிஞ்சு கெடக்குதே கோட்டை, அதுக்குப் போற வழில, பச்ச கேட்டு."

ஜெனிஃபர் பேனரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "'சீர் செய்து சிறப்பிக்க வரும் தாய்மாமன் பார்த்திபன்.' கொழந்த மூஞ்சி ஸ்டாம்பு சைஸ். மாமன் மூஞ்சி லாரி சைஸ். போலாம் சார்."

பச்சை கேட் வீட்டில் கூட்டம் கலைந்து வீட்டு ஆட்கள் மட்டும் இருந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை, காதைத் தொட்டுத் தொட்டு அழுதுகொண்டிருந்தது. கூடத்தின் நடுவில் ஒரு தேக்குப் பெட்டி. அதன்மேல் பேனரில் பார்த்த அதே ஆள் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி இல்லை, சிரிப்பும் இல்லை.

"அதேதான் சார்!" என்று ஜெபக்குமார் முன்னால் பாய்ந்தான். திருநாவுக்கரசு அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

குழந்தையின் தாய் ஜோதிலட்சுமி சமையலறையிலிருந்து வந்தாள். "வா நைனா, நீதான சீரு எட்த்துனு வந்த டிரைவரு? இன்னா, திரும்பி வந்துட்ட? டீ குட்ச்சிட்டுப் போ. எங்க அண்ணன் மானத்தக் காப்பாத்துன கை உன்து."

"அம்மா, நான் திருநாவுக்கரசு. இந்தப் பெட்டி விஷயமாத்தான் வந்திருக்கேன். இது வேற வீட்டுப் பெட்டி."

ஜோதிலட்சுமியின் முகம் மாறியது. "இன்னா சொன்ன? வேற வூட்டுதா? எங்க அண்ணன் ஒரு நல்லது செஞ்சா ஒலகத்துக்குப் பொறுக்காதே! எங்க மாமியார் வூட்டுக்காரங்க காலைலேந்து 'மாமன் வெறுங்கைய வீசிக்கினு வந்துகீறான்'னு குசுகுசுன்னாங்க. பெட்டி வந்ததும் அத்தினி பேரும் வாய மூடினாங்க. அண்ணே, சொல்லுண்ணே."

அண்ணன் பெட்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பாத்திபன், பெட்டில என்ன இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டார் திருநாவுக்கரசு.

"சீரு."

"சீர்னா?"

"பட்டுப் பாவாடை. வெள்ளிக் கொலுசு. அப்புறம்… சைக்கிள்."

ஜெனிஃபர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "சைக்கிளா? மட்ச்சு வச்சியா அண்ணாத்த, இல்ல கரச்சு ஊத்துனியா?"

"சாவி எங்க?" என்றார் திருநாவுக்கரசு.

"லாரில வச்சு மறந்துட்டேன்."

"லாரி?"

"சர்வீசுக்கு விட்டுகீது."

"அண்ணே," என்றாள் ஜோதிலட்சுமி. குரல் இறங்கிவிட்டது. "ஏந்திரு."

பார்த்திபன் எழுந்தான். எழுந்ததும் மடை திறந்தது போல் கொட்டினான். "சைக்கிளு வாங்கத்தான் போனேன் ஜோதி. லாரி ரிப்பேரு. ஒரு வாரமா ஓட்டமே இல்ல, கையில காசும் இல்ல. வெறுங்கையோட வந்து ஓரமா நின்னுக்கினு இருந்தேன். நீ ஆரத்தி தட்டோட வாசலையே பாத்துக்கினு இருந்த. அப்பப் பாத்து இவன் பெட்டியத் தூக்கியாந்து வைக்கிறான். நம்ம அம்மா 'வந்துடுச்சு'ன்னு கத்துச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டிட்டேன்."

"நீயும் தட்டினியா?" என்றாள் ஜெனிஃபர், உண்மையான மரியாதையுடன்.

"சாயங்காலம் ஆராவது தேடினு வருவாங்கன்னு தெரியும். அதான் ஆரும் தொறக்காத மாதிரி மேலயே குந்திக்கினு கீறேன். ஒண்ணுக்குக்கூடப் போவல."

ஜோதிலட்சுமி அழுத குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அடுத்த முகூர்த்தத்துக்குள்ள சைக்கிள் வரணும். எனக்கு இல்ல, கொழந்தைக்கு. இப்ப நீயே தூக்கியாந்து கார்ல வை. கை தட்டுன இல்ல?" என்றாள்.

பார்த்திபன் பெட்டியைத் தலையில் தூக்கிவந்து டிக்கியில் வைத்தான். பூட்டு அப்படியே இருந்தது. வைத்ததும் வீட்டுக் கொல்லைப்புறம் பார்த்து ஓடினான்.

திருநாவுக்கரசு நரசிம்மனுக்குப் போன் போட்டார். "பெட்டி கிடைச்சிடுச்சு. பூட்டு உடையலை. டிரைவர் மேல தப்பில்லை."

"கிடைச்சிதா? அப்பாடா!" என்ற நரசிம்மனின் குரல் அடுத்த நொடியே உயர்ந்தது. "தப்பில்லையா? மாட்டிக்கினோம்னு பயந்து திருப்பித் தரான் சார். நம்பரை மாத்திப் போட்டுகீறான்னு முதலாளியே சொல்றாரே! பெட்டிய நீங்க எட்த்துனு வாங்க. அவனை நான் சும்மா விடப் போறதில்ல."

போன் வைக்கப்பட்டது. ஜெபக்குமார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சீட்டுல இருந்ததத்தான் போட்டேன் சார். சீட்டு இல்ல. நான் சொன்னா ஆரு நம்புவா?" என்றான். செல்போனை எடுத்து சாராளின் பெயரைப் பார்த்தான். போடாமல் சட்டைப்பைக்குள் வைத்தான். "பெட்டி கெட்ச்சும் நான் திருடன்தான்."

ஜெனிஃபர் வஞ்சிர மீன் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

திரும்பும் வழியில், தோப்புக்குப் பிரியும் முனையில் கார் நின்றது. நின்றதற்குக் காரணம் அவர்கள் அல்ல. சாலையிலிருந்து மணல் பாதை முழுக்கக் கார்கள். ஒரு வேன் சக்கரம் மணலில் புதைந்து உறுமிக்கொண்டிருந்தது. பட்டுப் புடவைகளும் வேட்டி சட்டைகளும் சவுக்கு மரங்களுக்கு நடுவே திக்குத் தெரியாமல் அலைந்தன. ஒரு பெரியவர் பூச்செண்டை நாயிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார். இளநீர்க்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கத்திக்கு ஓய்வே இல்லை.

"இன்னா சார் இது, மறுபடியும் காதுகுத்தா?" என்றாள் ஜெனிஃபர்.

கழுத்து நிறைய மல்லிகைப்பூவும் முகம் நிறைய வியர்வையுமாக ஓர் அம்மாள் காரின் கண்ணாடியைத் தட்டினாள். "ஏம்மா, நரசிம்மன் வீட்டு நிச்சயதார்த்தம் எங்க நடக்குது? நாலு மணிக்கு டிபன்னு போட்டிருக்கு. ஒரு கேசரி வாசனைகூட வரலையே! நெம்மேலின்னுதான் கேள்விப்பட்டேன். என் மருமகன்தான் நம்பர் சொல்றது தப்பாதுன்னு இவ்ளோ தூரம் ஓட்டிக்கிட்டு வந்துட்டாரு."

"எந்த நம்பரும்மா?" என்றார் திருநாவுக்கரசு. எலுமிச்சம்பழம் அவர் கையிலிருந்து உருண்டது.

"பத்திரிகைல போட்டதுதான். இந்தாங்க."

மஞ்சள் தடவிய பத்திரிகை. பிள்ளையாருக்குக் கீழே பெண் பெயர், மாப்பிள்ளை பெயர். அடியில், தங்க மையில்: 'காரில் வருவோர் பதிய வேண்டிய வழி எண்: 417 213 864.'

ஜெபக்குமார் அதை வாங்கிப் பார்த்தான். இரண்டாம் முறை விரலை வைத்துப் பார்த்தான். "ஒண்ணு சார். அதே ஒண்ணு. ஊருக்கே அட்ச்சுக் குட்த்துகீறாரு!"

"பிரஸ்காரன் தப்பா அட்ச்சிட்டானோ?" என்றாள் ஜெனிஃபர்.

"பிரஸ்காரன் தப்புன்னா பத்திரிகையோட போயிருக்கும். நரசிம்மன் தன் கையால எழுதின சீட்டுலயும் அது எப்படி வந்துச்சு?" திருநாவுக்கரசு தூசி படிந்த கார் கண்ணாடியில் விரலால் எழுத ஆரம்பித்தார். "பழைய எண்ணைக் கூட்டு. நாலும் ஒண்ணும் ஏழும் பன்னிரண்டு. ரெண்டும் பூஜ்யமும் மூணும் அஞ்சு. எட்டும் ஆறும் நாலும் பதினெட்டு. மொத்தம் முப்பத்தஞ்சு. மூணும் அஞ்சும்?"

"எட்டு."

"பூஜ்யத்தை ஒண்ணாக்கிக் கூட்டு."

"முப்பத்தாறு. மூணும் ஆறும் ஒம்போது." ஜெனிஃபர் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயய்யோ! கூட்டுத்தொகை எட்டு வருதுன்னு வூட்டையே தூக்கி ஒம்போதுல வச்சுட்டாரா!"

"ஏம்மா, நரசிம்மன் சாருக்கு எண் கணிதத்துல நம்பிக்கை உண்டா?" என்று கேட்டார் திருநாவுக்கரசு.

"உண்டாவா!" என்றாள் மல்லிகைப்பூ அம்மாள். "என் பேரன் பிறந்தப்ப, தேதி எட்டுன்னு ஆஸ்பத்திரியில போய் ஒரு நாள் தள்ளிப் போட முடியுமான்னு கேட்டவரு. குழந்தை அப்ப தொட்டில்ல கிடக்குது!"

சவுக்குத் தோப்பே சிரித்தது. ஜெபக்குமார் சிரிக்கவில்லை. பத்திரிகையை நான்காக மடித்துச் சட்டைப்பையில், போனுக்குப் பக்கத்தில் வைத்தான்.

ஜெனிஃபர் கீழே இறங்கிக் கார்ச் சாவியை அவனிடம் நீட்டினாள். "நீ ஓட்டு அண்ணாத்த. இத்தினி பேருக்கும் வழி தெரியணும். டப்பா வேணாம், நீயே முன்னால போ."

நெம்மேலி வீட்டு வாசலில் நரசிம்மன் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் மட்டும், காலி நாற்காலிகளுக்கு நடுவே, ஆறிப்போன கேசரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வண்டிகள் வரிசையாக வந்து நின்றதும் நரசிம்மன் முகம் மலர்ந்தது. முதல் வண்டியிலிருந்து ஜெபக்குமார் இறங்கியதும் அந்த மலர்ச்சி நின்றது.

ஜெபக்குமார் டிக்கியைத் திறந்தான். பெட்டியை மாப்பிள்ளையின் தாய் காலடியில் வைத்தான். பத்திரிகையை விரித்து நரசிம்மனிடம் கொடுத்தான்.

"இந்த ஒண்ணை மாத்தினது யாரு சார்?" என்றார் திருநாவுக்கரசு.

நரசிம்மன் பத்திரிகையைப் பார்த்தார். வந்து இறங்கிய கூட்டத்தைப் பார்த்தார். எல்லோர் செருப்பிலும் கடப்பாக்கத்து மணல்.

"நான்தான்," என்றார் மெல்ல. "மங்கள காரியம், நடுவுல பூஜ்யம், கூட்டுனா எட்டு. கதவு எண் மாதிரி ஒண்ணு தள்ளினா பக்கத்து மனைக்குத்தான் போவும்னு நென்ச்சேன். அதுவும் என் மனைதானே…"

"நடுவுல இருக்கிற எண் ஊரைக் காட்டுது சார். கடைசி எண்தான் வாசலைக் காட்டுது," என்றார் திருநாவுக்கரசு.

நரசிம்மன் ஜெபக்குமாரின் கையைப் பிடித்தார். "தப்புதாம்பா. முதலாளிகிட்ட நான் பேசுறேன். போய்ச் சாப்பிடு."

"அங்க பேசுனா பத்தாது சார். என்னைத் திருடன்னு போன்ல சொன்னப்ப இந்தப் பந்தல்ல மாப்ள வூட்டுக்காரங்க கேட்டுக்கினுதான இருந்திருப்பாங்க. அந்த மைக்குல சொல்லுங்க."

நரசிம்மன் கடிகாரத்தைப் பார்த்தார். "சொல்றேம்பா. கண்டிப்பா சொல்றேன். இப்ப ராகு காலம். ஆறு மணிக்கு மேல…"

"என்னைத் திருடன்னீங்களே, அப்ப நேரம் பாத்தா சார் சொன்னீங்க?"

நரசிம்மன் மேடை ஏறினார். மைக்கை இரண்டு முறை தட்டினார்.

ஜெபக்குமார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ஒரே ஒரு பெயரை அழுத்தி, ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் நீட்டிப் பிடித்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். மத்தியானத்துலேந்து நான் ஜெபக்குமாரைத் திருடன்னு சொன்னேன். அவர் எட்த்துனு போன பெட்டி பூட்டு உடையாம வந்துடுச்சு. நம்பரை மாத்தினது நான். அவர் திருடன் இல்ல. உங்க எல்லாரையும் தோப்புக்கு அனுப்பினதும் நான்தான்."

ஜெபக்குமார் போனைக் காதில் வைத்தான். "கேட்டியா சாராளு?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு சாராளின் குரல்:

"இன்னொரு தபா சொல்லச் சொல்லு. பசங்க வெளில வெளயாடினு இருக்குதுங்க, இட்டாரேன்."

ஜெபக்குமார் நிமிர்ந்து மேடையைப் பார்த்தான். "சார், இறங்காதீங்க," என்றான்.